சக்கர வீட்டில் ஒரு திவசம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு பேர் என் நாத்தனார் கண்ணை மூடும்போது விட்டுப்போனவர்கள். பந்தியில் உட்கார்ந்தால் யார் யார் பிள்ளை என்று ஒருவரும் சொல்ல முடியாது, அப்படி வளர்த்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டி எழுதுவேன். புள்ளி விட்டுப்போனால் மூத்தவன் வழிப் பேத்தி யாழினி வைத்துக் கொடுப்பாள். போன மாசியில் வளைகுடாவுக்குப் போய் மகனோடு சக்கரம் வைத்த வீட்டில் இருந்துவிட்டு வந்ததைத்தான் எழுதுகிறேன்.

மூத்தவன் ராசேந்திரனுக்கு அங்கே பாலைவனத்தில் வேலை. கட்டிட வேலை இல்லை. மானும் பறவையும் இருக்கிற பெரிய சரணாலயம், சுற்றி வேலி போட்டது. குளிர் மாதங்களில் மட்டும் ஜனங்கள் வந்து பார்ப்பார்கள். வெயில் ஏறியதும் மூடிவிடுவார்கள், அவனும் ஊருக்கு வந்துவிடுவான். ஐப்பசியில் மறுபடியும் அழைப்பு வரும். சீசன் நடுவில் எழுந்து போனவனுக்கு அழைப்பு வராது. அதனால்தான் அதற்கு முந்தின வருடம் மாசியில் அவன் அப்பா இறந்தபோது அவன் வரவில்லை. கொள்ளியை இளையவன் வைத்தான்.

என் வீட்டுக்காரர் பேச்சுக் குறைந்த மனிதர். மகன் போன் பண்ணினால் கையில் வாங்கமாட்டார். தள்ளி உட்கார்ந்துகொண்டு, "பய சாப்புட்டானான்னு கேளு" என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு. கடைசியாகப் படுத்திருந்தபோதும் அதையே கேட்டார்.

தலைத் திவசமாவது மூத்தவன் கையால் நடக்க வேண்டும் என்று நினைத்தேன். அவன் வர முடியாதென்றால் நான் போகிறேன் என்றேன். மற்ற பிள்ளைகள் எல்லோரும் கூடி நின்று வயதைச் சொன்னார்கள், முழங்காலைச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே புது வேட்டி துண்டும், அவர் படமும், கருவாடும் பையில் வைத்தேன்.

எங்கள் வீட்டில் திவசத்துக்கு மந்திரம் கிடையாது. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்துப் படையல் போடுவோம். முதல் உருண்டையை மூத்த மகன் காக்கைக்கு வைப்பான். காக்கை எடுத்தபிறகுதான் மற்றவர் இலையில் உட்காரலாம். எடுக்காவிட்டால் போனவருக்கு மனக்குறை என்று அர்த்தம். இவருக்கு மனக்குறை இருக்கக் காரணம் இருந்தது. அதுதான் என் பயம். மகனுக்கும் அதே பயம் என்பதை அங்கே போனபிறகு தெரிந்துகொண்டேன்.

முதல் நாள் ஷார்ஜாவில், ரோலா என்கிற இடத்தில், தங்கச்சி மகன் வீட்டில் இறங்கினேன். எட்டாவது மாடி. தெருவில் இறங்கினால் நம் தேவகோட்டைச் சந்தைக் கூட்டம், ஆனால் சந்தையில் முக்கால்வாசி ஆம்பளைகள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளின் வாசலில் வரிசையாக நின்றார்கள். ஒருவன் போனில், "அழுவாத, அழுவாத, இந்தா அனுப்பிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். குரல் நம் பக்கத்துக் குரல். திரும்பிப் பார்க்கவில்லை, அவனுக்குக் கூச்சமாக இருக்கும்.

தங்கச்சி மருமகள் வித்யா ஆபீஸ் போகிறவள், நல்ல பெண். அவள் பிள்ளைகள் என்னிடம் இங்கிலீஷில் பேசின, நான் தமிழில் பதில் சொன்னேன், இரண்டு பக்கமும் குறைவில்லாமல் போயிற்று. படையலுக்கு வாழை இலை வேண்டும் என்றேன். கடையில் போய் பிளாஸ்டிக்கில் சுருட்டிய இலை வாங்கி வந்தாள். அப்போது ஜன்னல் கம்பியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது.

"இங்கயும் காக்கா இருக்கே" என்றேன்.

"நம்மூர்க் காக்காதான் பெரியம்மா. கழுத்தப் பாருங்க, சாம்பல் கலர்."

எனக்குப் பாதி பயம் போயிற்று. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மகன் வந்தான். சரணாலயத்து வண்டி, ஓட்டுகிறவர் குல் கான் என்ற பட்டாணியர். மகனைப் பார்த்ததும் கையைத்தான் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு எலும்பு தட்டுப்பட்டது.

தார்ச்சாலை முடிந்து மணலில் இறங்கியதும் வண்டி புதைந்துவிட்டது. நான் இறங்கி நின்றேன். குல் கான் நாலு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். நம் ஊரில் காற்று இறங்கினால் வண்டி நிற்கும், இங்கே காற்றை இறக்கினால்தான் நகருமாம். அவர் வேலை செய்கிற நேரம் நான் ஒரு மர நிழலில் நின்றேன். இலையைக் கிள்ளிப் பார்த்தேன். வன்னி மரம். நம் சிவன் கோயில் பின்னால் நிற்கிற அதே வன்னி. "இங்க இதுக்கு காஃப்னு பேரு ஆத்தா" என்றான் மகன். பேர் எதுவாக இருந்தால் என்ன, தெரிந்த முகம் ஒன்று நின்றதே என்று இருந்தது.

வீடு என்று காட்டினான் பாருங்கள், வெள்ளையாக ஒரு பெட்டி, கீழே சக்கரம். கேரவன் என்று பெயர். அந்த மாதிரி நாலைந்து வரிசையாக நின்றன. சீசன் ஆட்களுக்குக் கட்டிடம் கிடையாது, இதுதான். சீசன் முடிந்தால் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்களாம்.

"மாட்ட எங்கடா கட்டியிருக்க?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். அந்த ஒரு தடவைதான் முதல் வாரத்தில் சிரித்தது.

உள்ளே போனால் நம் கூண்டு வண்டியை விடக் கொஞ்சம் பெரிது. மேசையை மடக்கினால் கட்டில். கட்டிலைத் தூக்கினால் அரிசி மூட்டை. அடுப்புக்கும் தலையணைக்கும் நடுவே ஒரு முழம். காற்று அடித்தால் வீடு லேசாக ஆடும், நாலு மூலையிலும் இரும்புக் கால் ஊன்றியிருந்தும் ஆடும். மகன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுக் கீழே படுத்தான். தண்ணீர் தொட்டியில் இருக்கிறதுதான் தண்ணீர், லாரி வந்தால்தான் மறுபடி. நான் வந்த அன்றைக்குப் பாத்திரம் விளக்குகிறேன் என்று தொட்டியையே காலி செய்துவிட்டேன். பக்கத்து கேரவனிலிருந்து ஒரு பெண் இரண்டு குடம் கொண்டுவந்து வைத்தாள்.

அவள் ரஜனி. இலங்கை மன்னாரிலிருந்து வந்தவள், சரணாலயத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல். கருவாட்டு வாசம் பிடித்துத்தான் வந்தேன் என்று சொன்னாள். அவள்தான் மகனைப் பற்றிச் சொன்னது. "அண்ணன் ஒழுங்காச் சாப்பிடுறேல்லை அம்மா. பாதியில எழும்பிடுவார். அப்பா செத்ததில இருந்து அப்பிடித்தான்."

நானும் பார்த்தேன். தட்டில் கோடு போட்ட மாதிரி பாதியை ஒதுக்கிவைப்பான். கேட்டால் பசி இல்லை என்பான்.

அந்த இடத்துக்கு அதிகாரி அபு சாலிம் என்ற பெரியவர். அந்த ஊர்க்காரர், வெள்ளை அங்கி, நரைத்த தாடி. நான் வந்த சேதி கேட்டுப் பேரீச்சம்பழமும் ஒட்டகப் பாலும் கொண்டு வந்தார். என்னை "உம் ராஜா" என்று கூப்பிட்டார். ராஜாவின் தாய் என்று அர்த்தமாம், மகன் பேரால் தாயைக் கூப்பிடுவது அங்கே மரியாதையாம். ஒட்டகப் பாலில் உப்பு இருந்தது. மரியாதைக்காகக் குடித்தேன்.

காலையில் மகன் டூட்டிக்குப் போய்விட்டால் நான் படியில் உட்கார்ந்திருப்பேன். வெள்ளை மான்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நடக்கும், கொம்பு இரண்டும் கழி மாதிரி நேராக. பக்கத்தில் வந்து பார்க்கும், போகும். அதுகளுக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை.

எனக்கு ஒரு பழக்கம். சோறு வடித்தால் முதல் பிடி காக்கைக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி. கேரவனுக்குப் பின்னால் ஒரு வன்னி மரம், அதன் அடியில் தட்டையாக ஒரு கல். அதில் வைத்தேன். எறும்பு வந்தது, பல்லி வந்தது. காக்கை வரவில்லை. வானத்தில் ஒன்றுகூட இல்லை. ரோலாவில் பார்த்தேனே, இங்கே ஏன் இல்லை என்று மனது அடித்துக்கொண்டது. திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிடி இரண்டு பிடியாயிற்று. கருவாட்டுத் தலையையும் சேர்த்து வைத்தேன்.

மகனிடம் சொல்லவில்லை. மறைத்தேன் என்று இல்லை. காக்கைக்குச் சோறு வைப்பதை யார் யாரிடம் சொல்வார்கள்? ஒரு பலகையில் மானுக்குத் தீனி போடுகிற கையை வரைந்து குறுக்கே கோடு அடித்திருந்தது. மானுக்கு நான் போடவில்லையே.

ஒரு நாள் காலை கேரவன் கூரையில் காலடிச் சத்தம். எட்டிப் பார்த்தேன். சாம்பல் கழுத்து. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. "வந்துட்டீகளா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மறுநாள் இரண்டு வந்தன. உருண்டையைக் கொத்திக்கொண்டு பறந்ததைப் பார்த்தபோது, இனி திவசத்துக்குக் குறைவில்லை என்று முழங்கால் வலிகூட மறந்தேன்.

அந்த வாரம் மகன் என்னை வண்டியில் ஏற்றித் தன் வேலையைக் காட்டக் கூட்டிப்போனான். தூரத்தில் நிறுத்திக் கண்ணாடிக் குழாயை என் கண்ணில் வைத்தான். மணலில் மணல் நிறத்தில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது, நம் வான்கோழியை விடச் சின்னது.

"ஹுபாரா ஆத்தா. மரத்துல கூடு கட்டாது, வெறுந்தரையிலதான் முட்ட வைக்கும். இந்த வேலிக்குள்ள இப்பத்தான் மொத மொத வச்சிருக்கு. இதப் பாத்துக்கிறதுதான் என் டூட்டி."

அவன் குரலில் ஒரு தெம்பு. ஆறு பேரை வளர்த்தவள் நான், அந்தப் பறவை அசையாமல் உட்கார்ந்திருந்த விதத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாலைந்து நாள் போயிருக்கும். நடுப்பகலில் மகன் திரும்பி வந்தான். அந்த நேரத்தில் வரமாட்டான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் முட்டை ஓடு.

"போச்சு ஆத்தா. காக்கா குடிச்சிருச்சு."

இங்கே ஏது காக்கை என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. அவன் பேசிக்கொண்டே போனான். இந்தப் பக்கம் காக்கையே கிடையாது, கடற்கரை ஊர்களோடு சரி. யாரோ தீனி போட்டு இழுத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக் கூடத்துக் குப்பைத் தொட்டி மூடாமல் கிடந்திருக்கும் என்று ஆபீசில் பேச்சு. ரஜனியைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். தாய்ப் பறவை அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி நடக்கிறது என்றான். நான் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரஜனி தன் கேரவன் படியில் உட்கார்ந்திருந்தாள். "நான் ஒருநாளும் மூடாமல் விட்டதில்லை அம்மா. இனி அடுத்த சீசனுக்கு என்னைக் கூப்பிடமாட்டினம்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

உள்ளே போய் முகம் கழுவி வேறு சேலை கட்டிக்கொண்டேன். மகனைக் கூப்பிட்டுக் கல்லைக் காட்டினேன். காலையில் வைத்த சோற்றுப் பருக்கை அதில் காய்ந்து கிடந்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பெரியவருகிட்ட கூட்டிட்டுப் போ. நான் சொல்றத ஒரு சொல்லு மாத்தாம அரபில சொல்லணும்."

"ஆத்தா, என் வேலை..."

"தெரியும்டா. அந்தப் புள்ளைக்கும் வேலைதான்."

அபு சாலிம் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். சோறு வைத்தது நான், என் வீட்டுக்காரர் திவசத்துக்குக் காக்கை வரவேண்டும் என்று வைத்தேன், அந்தப் பெண் மேல் தப்பு இல்லை, என் மகனுக்கு இது தெரியாது. மகன் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு இடத்தில் அவன் குரல் நின்றது. "முழுசாச் சொல்லு" என்றேன். சொன்னான்.

பெரியவர் எழுந்து வந்து கல்லைப் பார்த்தார். கொஞ்ச நேரம் வன்னி மரத்தையும் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார், மகன் எனக்குச் சொன்னான்: "இந்தப் பறவை இந்த மண்ணுடையது இல்லை. உங்கள் பக்கமிருந்து கப்பலில் வந்தது. துறைமுகத்தில் அது பிழைத்துக்கொள்ளட்டும். இங்கே அது வந்தால் இங்கே இருப்பது பிழைக்காது." என் வீட்டுக்காரருக்கு இறைவன் கருணை செய்யட்டும் என்றும் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

மகனிடம், "கூண்டு வை. நீயே வை" என்றார். "கலாஸ்", அவ்வளவுதான் என்று முடித்துவிட்டு, ரஜனியைப் பார்த்துச் சொல்ல அவரே நடந்து போனார். மகன் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே மகன் கம்பிக் கூண்டு கொண்டுவந்து வைத்தான். உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. மறுநாள் இரண்டும் விழுந்தன. கூண்டின் மேல் ஒரு சாக்கைப் போர்த்தினான். அதற்கு அடுத்த நாள் திவசம்.

கேரவனுக்குள் சமைத்தேன். கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய், மொச்சை, முட்டை இல்லை. முட்டை அவருக்குப் பிடிக்கும்தான், அன்றைக்கு எனக்குக் கை வரவில்லை. மடக்கு மேசையில் அவர் படத்தைச் சாய்த்து வைத்து, வாடிப்போன வாழை இலையைத் துடைத்து விரித்தேன். மகன் விடிவதற்கு முன் டூட்டிக்குப் போனவன், வெறும் வயிற்றோடு நடுப்பகலுக்கு வந்தான். குளித்துப் புது வேட்டி கட்டினான். கும்பிட்டான். உருண்டை பிடித்து இலைத் துண்டில் வைத்துக்கொண்டு படியில் இறங்கி நின்றான்.

எங்கே கொண்டுபோய் வைப்பான்? கல்லில் வைக்கக் கூடாது. வானம் வெறுமையாகக் கிடந்தது. கூண்டிலிருந்து சாக்குக்குள்ளே சத்தம் கேட்டது.

படையலுக்கு வந்திருந்த ரஜனி மெல்லச் சொன்னாள். "கூட்டுக்குள்ள இருக்கிறதுக்குக் குடுங்கோவன் அம்மா. அதுவும் காகம்தானே."

மகன் என் முகத்தைப் பார்த்தான். இலையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கூண்டருகே போனேன். சாக்கைத் தூக்கினேன். காக்கை இரண்டும் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. தண்ணீர் இருந்தது, தீனியும் இருந்தது. நான் வைத்தால் எடுக்கும். ஊருக்குப் போய் காக்கை எடுத்தது என்று சொல்லலாம், பொய்யும் இல்லை.

அவர் உயிரோடு இருந்த நாளில் அடைத்து வைத்து யாரும் அவருக்குச் சோறு போட்டதில்லை. சாக்கை மூடிவிட்டுத் திரும்பி வந்தேன்.

மகன் படியில் உட்கார்ந்துவிட்டான். "அப்பாவுக்கு எம்மேல கோவம்தான் ஆத்தா. கொள்ளி வைக்காத கைதான இது. எப்புடி எடுப்பாரு" என்றான். நாற்பது தாண்டியவன், உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த மனிதரோடு ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவள் நான். அவர் கோபம் எனக்குத் தெரியும், அவர் கேள்வியும் தெரியும். இலையை அவன் விரித்த கையில் வைத்தேன்.

"இந்தா. பய சாப்புட்டானான்னு உங்கப்பா கேக்குறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அது காக்கைக்கு வைத்தது, மனிதர் தொடக் கூடாதது. எனக்கும் தெரியும். "சாப்புடு" என்றேன்.

சாப்பிட்டான். முதல் வாய்க்கு ரஜனி தண்ணீர் கொடுத்தாள். பிறகு உள்ளே வந்து இலையில் உட்கார்ந்து குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மொச்சையை இரண்டாம் தடவை கேட்டான். இலையில் ஒதுக்கி வைக்கவில்லை. அதன்பிறகு ரஜனியும் நானும் உட்கார்ந்தோம். அபு சாலிமுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். காலியாகத் திரும்பி வந்தது, உள்ளே நாலு பேரீச்சம்பழம்.

சாயங்காலம் மகன் கூண்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். எங்கே என்று நான் கேட்கவில்லை. காலிக் கூண்டோடு திரும்பி வந்தான். நாங்கள் இருவரும் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.

ஊருக்கு வந்ததும் முதல் கேள்வியே அதுதான். காக்கை எடுத்ததா என்று பங்காளி வீட்டுப் பெண்கள் வரிசையாகக் கேட்டார்கள். "காக்கா எடுக்கல. எம்மகன் எடுத்தான்" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டார்கள். இதற்கு ஒரு பேச்சு கிளம்பும், ஒன்றுக்குப் பத்தாக வளரும். அது வளர்வதற்கு முன் நடந்தது நடந்தபடி என் கையெழுத்தில் இருக்கட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஐப்பசியில் அவனுக்கு அழைப்பு வந்தது. ரஜனிக்கும் வந்ததாம். அதே கேரவன், அதே வன்னி மரம். மரத்தடிக் கல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பறவை மறுபடி முட்டை வைத்ததா என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறேன். இன்னும் இல்லை என்கிறான். இங்கே என் வீட்டுக் கொல்லையில் காக்கைக்குச் சோறு வைக்கிறேன், இது அதன் ஊர். போனில் இப்போது அவர் கேட்டதை நான் கேட்கிறேன். சாப்பிட்டேன் ஆத்தா என்று சொல்கிற குரலிலேயே உண்மை தெரிகிறது.

யாழினி, விளையாட்டை நிறுத்திவிட்டு இங்கே வா தாயி. விட்டுப்போன புள்ளியெல்லாம் வை. வைத்துவிட்டு முதலிலிருந்து சத்தமாகப் படி, உன் அப்பத்தா கேட்க வேண்டும். உங்கப்பா இலையில் உட்கார்ந்த இடம் வந்தால் வேகமாகத் தாண்டிவிடாதே. அவன் மொச்சையை இரண்டாம் தடவை கேட்டது வரைக்கும் நிதானமாகப் படி.